ஸ்டேஷனுக்குள் வாய் திறப்பவருக்கு யார் காவல்?

சாத்தான்குளம் என்றதும் நம் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ஜெயராஜும் பென்னிக்ஸும்தான். ஊரடங்கில் கடைகளுக்கு அனுமதித்த நேரம் முடிந்தும் செல்போன் கடை திறந்திருந்தது என்று சொல்லி 2020 ஜூன் 19 அன்று அப்பாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். என்ன ஏது என்று கேட்கப் போன மகனும் உள்ளே மாட்டிக்கொண்டார். ஜூன் 22 இரவு மகனும், மறுநாள் காலை அப்பாவும் கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் இறந்தார்கள். இந்த வழக்கைப் பற்றி நாம் நிறையவே பேசியிருக்கிறோம். ஆனால் அதில் ஒரு பகுதியை ‘வீரப் பெண்மணி’ என்ற பாராட்டோடு கடந்துவிட்டோம். அன்றிரவு நடந்ததை நீதித்துறை நடுவரிடம் துணிந்து சொன்னவர், அதே ஸ்டேஷனில் பணியில் இருந்த தலைமைக் காவலர் ரேவதி. அவரை வணங்கிவிட்டு நாம் கேட்க மறந்த கேள்வி ஒன்று இருக்கிறது. கண்ணால் கண்டதைச் சொல்வதற்கு ஒரு போலீஸ்காரருக்கு எதற்காக வீரம் தேவைப்படுகிறது? இந்தப் பதிவு முழுக்க அந்தக் கேள்வியைப் பற்றித்தான்.

அவர் எந்தச் சூழலில் பேசினார் என்று பாருங்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்து, கோவில்பட்டி நீதித்துறை நடுவர் பாரதிதாசனை விசாரணைக்கு அனுப்பியது. ஸ்டேஷனுக்குப் போன நடுவருக்கே ஒத்துழைப்பு கிடைக்கவில்லை. கேட்ட ஆவணங்கள் உடனே வரவில்லை. ஒரு காவலர் அவரை ஒருமையில் இழிவாகப் பேசினார். சிசிடிவி பதிவுகள் அன்றாடம் தானாக அழிந்துபோகும்படி அமைக்கப்பட்டிருந்தன. ரேவதி பயந்து பயந்துதான் சாட்சி சொன்னார் என்பதும், கையெழுத்துப் போடத் தயங்கினார் என்பதும், பாதுகாப்பு கிடைக்கும் என்று உறுதி சொன்ன பிறகே போட்டார் என்பதும் நடுவரின் அறிக்கையில் பதிவாகியிருக்கின்றன. இரவு முழுக்க அடித்தார்கள், லத்தியிலும் மேசையிலும் ரத்தக் கறை இருக்கிறது, அதை அழித்துவிடக்கூடும் என்றார் அவர். உயர் நீதிமன்றம் அந்த ஸ்டேஷனை வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவரச் சொன்னது. ரேவதிக்குப் பாதுகாப்பு கொடுக்கவும் உத்தரவிட்டது. ஆக, ஒரே ஒரு தலைமைக் காவலர் வாய் திறக்க இரண்டு நீதிபதிகள் கொண்ட அமர்வு, ஒரு நடுவர், ஒரு மாவட்ட நிர்வாகம் என்று இத்தனை பேர் பின்னால் நிற்க வேண்டியிருந்தது. இது எதுவும் இல்லாத ஒரு சாதாரண ஸ்டேஷனில், நாளிதழில் வராத ஒரு சாதாரண அடிதடியில், எந்த ஏட்டு வாய் திறப்பார்?

நான் சொல்ல வருவது இதுதான். காவல் துறைக்குள் ‘ஒருத்தரை ஒருத்தர் விட்டுக்கொடுக்காத குணம்’ என்று நாம் சொல்வதில் குணத்தின் பங்கு கொஞ்சம்தான். பெரும்பகுதி, பேசினால் என்ன நஷ்டம், பேசாமலிருந்தால் என்ன லாபம் என்ற கணக்கு. இன்றைய ஏற்பாட்டில் அந்தக் கணக்கு எப்போதும் மௌனத்தின் பக்கமே சாய்கிறது. அதனால் காவலர்களின் மனசாட்சிக்கு வகுப்பெடுத்துப் பலனில்லை. கணக்கை மாற்ற வேண்டும்.

இது நீதிமன்றங்களுக்குத் தெரியாத விஷயம் அல்ல. உத்தரப் பிரதேசம் ஃபதேபூர் மாவட்டத்தில் 1969இல் ஒரு விவசாயி, தன்னிடம் காவலர் லஞ்சம் கேட்டார் என்று மேலதிகாரிக்குப் புகார் அனுப்பினார். பிறகு அவரையே பிடித்துக்கொண்டு போய் அடித்ததில் இறந்துபோனார். அந்த ராம் சாகர் யாதவ் வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்றம் வெளிப்படையாக ஒன்றைச் சொன்னது. காவலில் நடப்பதற்குச் சாட்சி போலீசார் மட்டுமே, சகோதரப் பாசத்தால் அவர்கள் பேசாமல் இருந்துவிடுகிறார்கள், பேசினாலும் உண்மையைத் திரித்துவிடுகிறார்கள், ஆகவே நிரூபிக்கும் பொறுப்பு பற்றிய சட்டத்தை அரசு மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றது. அதே ஆண்டு சட்ட ஆணையம் தன் 113ஆவது அறிக்கையில் வழியும் காட்டியது: சாட்சியச் சட்டத்தில் 114பி என்று ஒரு பிரிவைச் சேர்க்கலாம், காவலில் இருக்கும்போது ஒருவருக்குக் காயம் ஏற்பட்டால் அதைக் காவலில் வைத்திருந்த அதிகாரியே ஏற்படுத்தினார் என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளலாம் என்றது. பத்து ஆண்டுகள் கழித்து, 1995இல், ஷ்யாம்சுந்தர் திரிவேதி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதே கவலையை மறுபடி எழுதியது. சாட்சியச் சட்டத்தையே தூக்கிவிட்டு 2023இல் புதுச் சட்டம் கொண்டுவந்தபோதும் அந்தப் பிரிவு இடம்பெறவில்லை. நோய் தெரியும், மருந்துச் சீட்டும் எழுதியாயிற்று. நாற்பது ஆண்டுகளாக வாங்கத்தான் ஆளில்லை.

சரி, மௌனம் எப்படி உருவாகிறது? அடித்தவர்கள் இரண்டு மூன்று பேராக இருக்கலாம். ஆனால் அதை மறைக்கப் பல கைகள் வேண்டும். எஃப்ஐஆர் எழுத ஒருவர், கைது நேரத்தைக் குறிக்க ஒருவர், பொது நாட்குறிப்பில் அதற்கேற்ப வரி சேர்க்க ரைட்டர், மருத்துவமனைக்குக் கூட்டிப்போக எஸ்கார்ட், வாசலில் நின்ற பாரா. சாத்தான்குளம் எஃப்ஐஆரில், அப்பாவும் மகனும் தரையில் உருண்டு புரண்டதில் காயம் ஏற்பட்டது என்று எழுதப்பட்டிருந்தது. அரசு மருத்துவமனையில் உடல்தகுதிச் சான்று கிடைத்தது. ரிமாண்டும் ஆனது, கிளைச் சிறையும் வாங்கிக்கொண்டது. இப்படிப் பொய் நகர்கிற ஒவ்வொரு மேசையிலும் ஒரு கையெழுத்து விழுகிறது. கையெழுத்துப் போட்ட நிமிடத்திலிருந்து அந்த மனிதர் வேடிக்கை பார்த்தவர் இல்லை, உடந்தை. அதன் பிறகு அவர் காப்பாற்றுவது நண்பனை அல்ல, தன்னை. இதற்கு சாத்தான்குளம் வழக்கிலேயே ஆதாரம் இருக்கிறது. ஐந்து ஆண்டுகள் சிறையில் இருந்தபின், 2025 ஜூலையில், முதல் குற்றவாளியாகச் சேர்க்கப்பட்ட இன்ஸ்பெக்டரே அப்ரூவராக மாறத் தயார் என்று மனு போட்டார். சிபிஐ எதிர்த்தது, நீதிமன்றம் ஏற்கவில்லை. மனுவின் தகுதி எப்படியோ, அது நமக்கு ஒரு செய்தி சொல்கிறது. எதனாலும் அசையாது என்று நாம் நினைக்கிற அந்தப் பாசம், தண்டனை பக்கத்தில் வந்ததும் விலகிக்கொள்கிறது.

இன்னொரு பக்கம், பேசினால் கிடைக்கும் பரிசு. ஒரு காவலரை அடக்க அவர் மீது வழக்கெல்லாம் போட வேண்டியதில்லை. ஆயுதப்படைக்கு மாற்றலாம். பிள்ளைகள் படிக்கிற ஊரிலிருந்து நூறு மைல் தள்ளிப் போடலாம். லீவு கேட்டால் மறுக்கலாம். தாமதமாக வந்தார் என்று மெமோ கொடுக்கலாம். எதற்காவது 3(பி) சார்ஜ் என்கிற துறை ஒழுங்கு நடவடிக்கை எடுத்துவிட்டால் அது முடியும் வரை பதவி உயர்வு தள்ளிப்போகும். எல்லாமே விதிப்படி நடந்ததாகவே இருக்கும். இது கீழே இருப்பவர்களுக்கு மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். 2021 பிப்ரவரியில் ஒரு பெண் எஸ்.பி., சிறப்பு டிஜிபியாக இருந்த ராஜேஷ் தாஸ் மீது பாலியல் தொல்லைப் புகார் கொடுக்கச் சென்னைக்கு வந்துகொண்டிருந்தார். பரனூர் சுங்கச்சாவடி அருகே அவரது காரை மறித்தது போலீஸ் படை. மறிக்க வைத்தவர் இன்னொரு மாவட்டத்தின் எஸ்.பி. ஐபிஎஸ் அதிகாரியான பெண்ணுக்கே புகார் மனுவோடு தலைநகரம் வந்துசேர்வது அவ்வளவு பாடு. 2023 ஜூனில் விழுப்புரம் நீதிமன்றம் ராஜேஷ் தாஸுக்கு 3 ஆண்டு சிறை விதித்தது. காரை மறித்த எஸ்.பி.க்கு 500 ரூபாய் அபராதம். ஒரு கான்ஸ்டபிள் இந்தச் செய்தியைப் படித்தால் அவர் போடும் கணக்கு என்னவாக இருக்கும்?

அந்தக் கணக்கு பிழையானது என்றும் சொல்ல முடியாது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் தரவுகளைத் தொகுத்து 2021இல் வெளியான செய்தி ஒன்று: இருபது ஆண்டுகளில் நாடு முழுவதும் 1,888 காவல் மரணங்கள், போலீசார் மீது பதிவானவை 893 வழக்குகள், குற்றப்பத்திரிகை தாக்கலானது 358 பேர் மீது, தண்டனை பெற்றவர்கள் 26 பேர். காவல் மரணம் எல்லாமே கொலை அல்ல, நோயாலும் தற்கொலையாலும் இறந்தவர்கள் இதில் உண்டு. அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் 26 என்ற எண் தலைகுனிய வைக்கிறது. மாட்டிக்கொள்ள வாய்ப்பு மிகக் குறைவு, காட்டிக்கொடுத்தால் தண்டனை நிச்சயம் என்று இருக்கிற இடத்தில் மௌனம் சாதிப்பவர்களைக் கோழைகள் என்று திட்டிவிட்டு நாம் தப்பிக்க முடியாது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். “போலீஸ் வேலை ஆபீஸ் வேலை இல்லை. கலவரத்தில் கல் பறக்கும்போது பக்கத்தில் நிற்பவன் ஓடிவிட மாட்டான் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் யாரும் முன்னால் போக மாட்டார்கள். அந்த ஒட்டுறவை உடைத்தால் படையே உடைந்துவிடும்.” முதல் பாதியை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். ஆபத்தில் தோள் கொடுப்பது அந்தத் தொழிலின் உயிர். ஆனால் கலவரத்தில் காப்பாற்றுபவர் தன் உயிரைப் பணயம் வைத்து சகாவைக் காக்கிறார். லாக்கப் அடியை மறைப்பவர் பணயம் வைப்பது அடிபட்டவரின் உயிரை. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது முதல் வகைக் காவலருக்குச் செய்யும் அவமரியாதை. அதோடு, அடித்தவர் தன் சகாக்களைப் பற்றி என்றைக்காவது யோசித்தாரா? அவருடைய கோபத்துக்கும் திமிருக்கும் அன்றிரவு பாராவில் நின்றவரும் ரைட்டரும் சேர்ந்து விலை கொடுக்கிறார்கள். சாத்தான்குளத்தில் பத்துப் பேர் கைதாகி, பத்துக் குடும்பங்கள் நிலைகுலைந்தன. ஒட்டுறவை முதலில் உடைத்தது லத்தியை எடுத்த கை. நடந்ததைச் சொன்ன ரேவதி அல்ல.

அடுத்த மறுப்பு, காவலர்களின் பணிச்சுமை. இதையும் ஒதுக்கிவிட முடியாது. காமன் காஸ், சிஎஸ்டிஎஸ் அமைப்புகள் 2019இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியக் காவலர்கள் சராசரியாக நாளுக்கு 14 மணி நேரம் வேலை செய்கிறார்கள் என்றது. ‘நாளைக்குள்ள நகை வந்தாகணும்’ என்று மேலிருந்து அழுத்தம் வரும்போது, தடயம் தேடி விசாரிக்க நேரமோ பயிற்சியோ இல்லாதவர்கள் கையிலெடுப்பது தடியை. 2025 ஜூனில் திருப்புவனத்தில் நடந்ததும் இதே வகைதான். காரிலிருந்த நகை காணவில்லை என்ற புகாரில் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமாரை ஒரு தனிப்படை விசாரித்தது, அவர் அடிபட்டு இறந்தார். கைதானவர்கள் ஐந்து காவலர்கள். டி.எஸ்.பி. பணியிடை நீக்கம் செய்யப்பட்டார், எஸ்.பி. காத்திருப்போர் பட்டியலுக்குப் போனார். பணிச்சுமை வாதத்தை நான் இங்கே திருப்பிக் கேட்கிறேன். மேலிருந்து வரும் அழுத்தத்தால்தான் இது நடக்கிறது என்றால், கீழே இருப்பவர்களின் மௌனம் யாரைக் காப்பாற்றுகிறது? உத்தரவு பெரும்பாலும் வாய்மொழியாக வருகிறது, சிறைக்குப் போவது அதை நிறைவேற்றியவர். கேரளத்தில் காவலர்களுக்குச் சங்கம் இருக்கிறது, நம் காவலர்களுக்கு இல்லை. அத்துமீறிய உத்தரவை மறுக்கவும், எட்டு மணி நேர வேலை கேட்கவும் ஒரு சங்கம் இருந்தால், அது இந்த மௌனத்தைவிட அவர்களை நன்றாகவே காப்பாற்றும். இன்னொன்றையும் கவனியுங்கள். திருப்புவனத்தில் உண்மையை வெளியே கொண்டுவந்தது கோயில் ஊழியர் ஒருவர் மறைந்திருந்து எடுத்த வீடியோ. தனிப்படையிலிருந்து யாரும் முன்வந்து கொடுத்த புகார் அல்ல.

மூன்றாவது மறுப்பு: “புகார் சொல்வது சுலபமானால் ரவுடிகளெல்லாம் பொய்ப் புகார் கொடுப்பார்கள், நேர்மையான அதிகாரிகள் முடங்கிப்போவார்கள்.” பொய்ப் புகார்கள் வரத்தான் செய்யும். அதற்கு மருந்து புகாரை அமுக்குவது அல்ல, நம்பகமான ஒருவர் விரைந்து விசாரிப்பது. ஒரு ஸ்டேஷனில் கேமரா ஒழுங்காக ஓடினால் பொய்ப் புகாரிலிருந்து முதலில் தப்பிப்பவர் நேர்மையான எஸ்.ஐ. கேமரா அழிந்துபோகும்போது அவருடைய ஒரே சாட்சியும் சேர்ந்து அழிகிறது. புகார் என்றாலே துறையே தாக்கப்பட்டதாக எடுத்துக்கொண்டு எல்லோரையும் ஒன்றாக மூடி மறைக்கும்போது, நல்லவரையும் கெட்டவரையும் பிரித்துப் பார்க்கும் வழி ஊருக்கு இல்லாமல் போகிறது. பிறகு ‘போலீஸ்னாலே இப்படித்தான்’ என்று மக்கள் பேசினால் வருத்தப்பட்டுப் பயனில்லை.

மக்கள் என்றதும் நம் பக்கக் கணக்கையும் பார்த்துவிட வேண்டும். ‘தப்பி ஓடும்போது வழுக்கி விழுந்ததில் கை முறிந்தது’ என்று ஒரு செய்தி வரும், கூடவே மாவுக்கட்டுப் போட்ட கையோடு ஒரு இளைஞனின் படம் வரும். அது உண்மையல்ல என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தே சிரிக்கும் எமோஜி போட்டுப் பகிர்கிறோம். எழுதியவருக்கும் தெரியும், படிப்பவருக்கும் தெரியும், இருந்தும் அரசு ஆவணத்தில் அந்தப் பொய் உண்மையாக உட்கார்ந்துகொள்கிறது. வழுக்கி விழுந்த கதைக்குக் கைதட்டிவிட்டு, தரையில் உருண்ட கதைக்குக் கொதித்தெழுவது எப்படி? இரண்டையும் எழுதுவது ஒரே பழக்கம். ரவுடிக்காக இன்று பழகிக்கொண்ட கை, நாளை கடைக்காரருக்காகவும் கோயில் காவலாளிக்காகவும் எழுதும். உள்ளே இருக்கும் நேர்மையான காவலர், நாம் போடும் சிரிப்பையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுகிறார்: ‘நான் எதிர்த்துப் பேசினால் எனக்காக யார் நிற்பார்கள்?’

என்ன செய்யலாம்? அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்தில் 2020 மே மாதம் ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொல்லப்பட்டபோது, அங்கேயும் போலீஸின் முதல் செய்திக்குறிப்பு அதை உடல்நலக் குறைவால் நேர்ந்ததைப் போலத்தான் சொன்னது. வழியில் நின்ற ஒரு பதின்பருவப் பெண் எடுத்த வீடியோ அதை உடைத்தது. அதன் பிறகு நடந்தவைதான் நாம் பார்க்க வேண்டியவை. அந்த நகரத்தின் போலீஸ் தலைவரே நீதிமன்றத்தில் ஏறித் தன் அதிகாரிக்கு எதிராகச் சாட்சி சொன்னார். உடனிருந்த மூவரும் 2022இல் கூட்டாட்சி நீதிமன்றத்தில் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. அவர்களில் இருவர் மீது நிரூபணமான குற்றங்களில் ஒன்று, சகாவைத் தடுக்காமல் இருந்தது. சக அதிகாரி அத்துமீறினால் தடுக்க வேண்டும் என்ற விதி அந்தத் துறையில் 2016 முதலே இருந்தது. விதி மட்டும் ஃப்ளாய்டைக் காப்பாற்றவில்லை என்பது உண்மை. ஆனால் வேடிக்கை பார்த்தால் சிறை என்று ஒரு முறை நிரூபணமானதும் கணக்கின் மறுதட்டிலும் எடை ஏறிவிட்டது. நியூ ஆர்லியன்ஸ் காவல் துறை ஒரு படி மேலே போய், தவறு செய்யப்போகும் சகாவை எப்படித் தடுத்து நிறுத்துவது என்பதையே 2016 முதல் பயிற்சியாகக் கற்றுக்கொடுத்தது. அடிக்கும் முன்னால் கையைப் பிடித்துத் தடுப்பவன் சகாவின் வேலையையும் குடும்பத்தையும் சேர்த்தே காப்பாற்றுகிறான் என்பது அதன் அடிப்படை.

நமக்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, சொன்னதைச் செய்தாலே போதும். 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் மாநிலந்தோறும் காவல் புகார் ஆணையம் கேட்டது, மாநில அளவில் ஓய்வுபெற்ற நீதிபதி தலைமை வகிக்க வேண்டும் என்றது. தமிழ்நாடு 2013இல் இயற்றிய காவல் சீர்திருத்தச் சட்டமோ உள்துறைச் செயலரைத் தலைவராக்கி, டிஜிபியை உறுப்பினராக்கியது. துறையின் மீதான புகாரை அந்தத் துறையின் தலைமையே விசாரிக்கும் ஆணையத்திடம் எந்தக் கான்ஸ்டபிள் நம்பிப் போவார்? ஆகவே முதல் வேலை, நீதிபதி தலைமையில், துறைக்கு வெளியே, காவலர்களே ரகசியமாகப் புகார் தரக்கூடிய ஆணையம். இரண்டாவது, கேமரா. 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லா ஸ்டேஷன்களிலும் ஒலியோடு சிசிடிவி வேண்டும், பதிவுகளை 18 மாதங்கள் வைத்திருக்க வேண்டும், அது முடியாத இடத்திலும் ஓராண்டுக்குக் குறையக்கூடாது என்றது. அந்தப் பதிவின் சாவி ஸ்டேஷன் கையில் இருக்கக்கூடாது. மூன்றாவது, 114பி. காயத்துக்கு விளக்கம் சொல்லும் பொறுப்பு காவலில் வைத்திருந்தவருக்கு வந்துவிட்டால், பேசாமல் இருப்பது பாதுகாப்பான இடமாக இருக்காது. நான்காவது, கண்டும் சொல்லாதிருப்பதைத் தனிக் குற்றமாக்குவது. கூடவே, சொன்னவரை அவர் சம்மதமில்லாமல் இடமாற்றவோ அவர் மீது 3(பி) பாய்ச்சவோ ஆணையத்தின் அனுமதி வேண்டும் என்று விதி செய்வது. கடமையை மட்டும் சுமத்திப் பாதுகாப்பைத் தராவிட்டால், மறுபடியும் கீழே இருப்பவரே பலியாவார்.

ரேவதியைப் பாராட்டி நாம் எழுதியதெல்லாம் நியாயமே. ஆனால் உண்மை சொல்ல அசாத்திய மனிதர்கள் தேவைப்படும் ஒரு துறை ஒழுங்காக இல்லை என்றே பொருள். பிள்ளை குட்டியும் வீட்டுக் கடனும் உள்ள, சாதாரணப் பயங்களோடு வாழ்கிற ஒரு காவலர், கண்டதைக் கண்டபடி எழுதிவிட்டு மறுநாள் அதே ஸ்டேஷனுக்கு வேலைக்கு வர முடிய வேண்டும். அதற்கு வழி செய்வது சட்டமன்றத்தின் வேலை, அதைக் கேட்பது நம் வேலை. உங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வைப் பார்க்கும்போது, ரோடு, தண்ணீர் பற்றிக் கேட்கும் கையோடு இதையும் கேளுங்கள்: போலீஸ் மீதான புகாரைப் போலீஸே விசாரிக்கும் அந்தச் சட்டத்தை எப்போது திருத்தப்போகிறீர்கள்?